அமெரிக்காக்காரன் போட்ட பூட்டு

— மறுபடியும் கேக்கறேன் ஐயா, கோச்சிக்காதீங்க. இந்த போன் யாரோடது?

— வஞ்சரத்தோடது தம்பி.

— யாரு வஞ்சரம்?

— மீனு. தேவனாம்பட்டினத்துல வாங்கினேன். வூட்டுக்கு எடுத்துகினு வந்து வகுந்தா, வவுத்துக்குள்ள ரிங்கு அடிக்குது. எடுத்து அலோன்னேன். இங்கிலீசுல ஒரு பொம்பள பேசுது. அப்பவே தெரிஞ்சிபோச்சி, இது அமெரிக்கா மீனுன்னு.

— நான் சிரிக்கிற நெலமையில இல்ல. பக்கத்துல ஒரு கடை பூட்டிக் கெடக்குதே, பாத்தீங்கல்ல? பாண்டியன் கடை. போன வாரம் உங்களாட்டமே ஒருத்தர் வந்தாரு. வெள்ள சட்ட, ஒட்ட வெட்டின முடி. போன நீட்டி, தொறந்து குடுன்னாரு. சாயங்காலமே பாண்டியன ஜீப்புல இட்டுகினு போயிட்டாங்க.

— பாவம். பூட்டத் தொறந்ததுக்கா?

— தொறக்கறேன்னுட்டு போனோட நம்பரயே மாத்திட்டான். ஒவ்வொரு போனுக்கும் உள்ளாற ஒரு நம்பர் இருக்குது, ஐஎம்இஐன்னு சொல்லுவாங்க. திருட்டு போன புடிக்கறதே அத வச்சித்தான். அதுல கை வச்சா மூணு வருசம் வரைக்கும் உள்ள.

— நான் எங்க நம்பர மாத்தச் சொன்னேன்? அமெரிக்கா கம்பெனிக்காரன், தன் சிம்மத் தவிர வேற சிம்மு எடுக்கக் கூடாதுன்னு பூட்டு போட்டு வச்சிருக்கான். நம்மூரு சிம்மு எடுக்கற மாதிரி பண்ணித் தரச் சொல்றேன். அது குத்தமா?

— அதான் எனக்கே சரியா வெளங்கல. குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் நான் பாத்ததில்ல. குத்தமில்லன்னு யாரும் எனக்கு எழுதியும் குடுக்கல. ஜீப்புல வர்றவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்.

— நெல்லிக்குப்பத்துல நான் ஒரு எரும வாங்கினேன் தம்பி. ஆந்திராவுலேருந்து வந்த எரும. தெலுங்குல கூப்புட்டாத்தான் பால் குடுக்கும். உக்கார வச்சி தமிழ் சொல்லிக் குடுத்தேன். பொங்கலுக்குள்ள, ரேடியோவுல தமிழ் நியூஸ் வந்தா தலையாட்ட ஆரம்பிச்சிடுச்சி. எந்த போலீசும் என்ன வந்து கேக்கல.

— எரும உங்களோடது. முழு வெலயும் குடுத்து வாங்கினது. அமெரிக்கால போனெல்லாம் தவணைக்குத்தான் ஜாஸ்தி குடுப்பாங்க. தவணை முடியற வரைக்கும் கயிறு கம்பெனிக்காரன் கையில. அதுக்குத்தான் கேக்கறேன், இது யாரோடது?

— காக்கா ஒண்ணு கொண்டாந்து போட்டுது. வெள்ளாத்தத் தாண்டி வந்த காக்கா. ரொம்ப களச்சிப்போயி இருந்துது. தண்ணி வச்சேன்.

— ஐயா, நெல்லிக்குப்பம்ங்கறீங்க. பக்கத்துலயே கடலூரு. அங்க தெருவுக்குத் தெரு மொபைல் கடை. அதயெல்லாம் வுட்டுட்டு, பஸ் ஏறி சிதம்பரத்துக்கு, அதுவும் என் கடைக்கு ஏன் வந்தீங்க?

— போர்டுல ‘இளவரசு, பி.இ.’ன்னு போட்டிருக்குன்னாங்க. இன்ஜினியரு கையில குடுத்தா தேவலன்னு வந்தேன். என்னா தம்பி, இப்பிடி வேர்க்குது? ஃபேனப் போடேன்.

— ஃபேன் ஓடிகினுதான் இருக்குது.

— சர்டிபிகேட்டு கைவசம் இருக்கா?

— உக்காருங்க ஐயா. உண்மையச் சொல்லிடறேன். எப்பிடியும் விசாரிச்சிட்டுத்தான் வந்திருப்பீங்க. பி.இ. முடிக்கல. நாலு பேப்பரு நிக்குது. போர்டு எழுதினவரு, பேருக்குப் பக்கத்துல எடம் காலியா கெடக்குன்னு அவராவே சேத்துட்டாரு. நானும் அழிக்கல.

— கடையாவது சொந்தமா?

— வாடகை. சொந்தக் கடைன்னு வெளில சொல்லிகினு திரியறது நான் இல்ல, தரகர் கதிர்வேல்.

— மொபைல் கடைக்கு எதுக்குத் தரகரு?

— கல்யாணத் தரகரு ஐயா. என் பயமே அதான். நாளைக்கு திருப்பாதிரிப்புலியூருக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணு பேரு வெண்மதி. வக்கீலுக்குப் படிச்சவுங்க. கேஸுன்னு ஒரு பேச்சு காதுல வுழுந்தா போதும், வாசல்லயே நிக்க வச்சி அனுப்பிடுவாங்க.

— நல்ல பேரு. ஆளு எப்பிடி?

— போட்டோதான் பாத்தேன். கண்ணாடி போட்டுகினு மொறைக்கிற மாதிரி இருக்காங்க. எனக்குப் புடிச்சிருக்கு.

— வெயில்ல நிக்க வச்சி எடுத்திருப்பாங்க. அத வுடு. ஷட்டர பாதி எறக்கிக்க, யாருக்கும் தெரியாது. பூட்டத் தொறந்துடு. நீ கேக்கறதுக்கு மேலயே குடுக்கறேன்.

— வேணாம் ஐயா. இதத் தொறக்கறதுக்கு நேர் வழி ஒண்ணு இருக்குது. போன யாரு வாங்கினாங்களோ, அவுங்களே அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். தவணையெல்லாம் முடிஞ்சிருந்தா, அங்கேருந்தே அவன் தொறந்து வுட்டுடுவான். செலவில்ல. எனக்கும் ஒண்ணும் வராது, பரவால்ல.

— அப்ப, நீ தொறக்க மாட்ட.

— மாட்டேன். ஜீப்ப எங்க நிறுத்தியிருக்கீங்க? கடைக்கு முன்னாடி வேணாம் ஐயா, கீழ வீதிப் பக்கமா வரச் சொல்லுங்க. நானே நடந்து வந்துடறேன்.

— எந்த ஜீப்பு? நான் பஸ்ஸுல வந்தேன்னு நீதான சொன்ன? சக்கர ஆலையில கரும்பு வண்டிய எட போட்டுகினு இருந்து ரிட்டயரானவன் தம்பி நான். முடி ஒட்ட வெட்டினது வெக்கை தாங்காம.

— போலீசு இல்லியா?

— சைக்கிள்ல லைட்டு இல்லாம போயி மாட்டினதுதான் எனக்கும் போலீசுக்கும் உள்ள பழக்கம்.

— அட ஆண்டவா. வீணா எல்லாத்தயும் கொட்டிட்டேனே. பேப்பரு நிக்கறது எங்கம்மாவுக்கே தெரியாது. ஐயா, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன், வெளில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— வெளில நான் எதுக்குச் சொல்றேன்? வூட்டுக்குள்ள ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொல்லுவேன். அவகிட்ட மறைச்சி எனக்குப் பழக்கமில்ல.

— வூட்டம்மாகிட்டயா? அது பரவால்ல. சரி, போறதுக்கு முன்ன இதையாவது சொல்லிட்டுப் போங்க. வஞ்சரம் வேணாம், காக்கா வேணாம். இந்த போன் யாரோடது?

— எம் பொண்ணு வெண்மதியோடது. அவ சித்தப்பன் அமெரிக்காலேருந்து அனுப்பினது. நாளைக்கு காபி எடுத்துகினு வர்றப்ப அவளே கேப்பா, அந்த நாலு பேப்பர எப்ப முடிக்கப் போறீங்கன்னு.