காணைக் கிணற்றில் விழுந்த பெட்டி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறேன், இன்ஸ்பெக்டர் சார். மேகங்களுக்கும் மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற அடுக்கு வருஷா வருஷம் குளிர்ந்துகொண்டே வருகிறது என்று, செயற்கைக்கோள் அளவுகளை வைத்து வரைபடத்தில் கோடு போட்டவன். வீட்டு ஃபிரிட்ஜ் குளிராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற ஆள்தான். ஆனாலும் அந்தக் கோட்டுக்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினேன்.

என் ஆராய்ச்சி மாணவன் அறிவுச்செல்வன் அதில் ஓட்டை கண்டுபிடித்தான்.

"சார், சாட்டிலைட்டு நம்ம தலைக்கு மேல வருசா வருசம் லேட்டா வந்துக்கினு இருக்குது. காலைல எடுத்த சூட்டையும் மத்தியானம் எடுத்த சூட்டையும் ஒண்ணா சேத்து கோடு போட்டுட்டோங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். போர்த்திய பொன்னாடையை உருவுகிற மாதிரிதான் எனக்குக் கேட்டது.

சரிபார்க்க, செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகிற நேரத்தில் வெப்பமானி கட்டிய பலூனை விட்டோம். பாதியில் சிக்னல் போய்விட்டது. அளவெல்லாம் பெட்டிக்குள் பதிவாகியிருக்கும். அந்தத் தெர்மாகோல் பெட்டியோ காணை கிராமத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து மிதந்தது.

"ஏணி எடுத்துக்கினு வர்றேன், அதுக்குள்ள எறங்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் தோட்டக்காரர் பெரியதம்பி. அறிவுச்செல்வனுக்குப் பொறுமை கிடையாது. நீச்சலும் தெரியாது. நான் மேலே பிடித்திருந்த கயிற்றில் இறங்கி, பாசி படிந்த கல்லில் நின்றுகொண்டு, பெட்டியை அதே கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான்.

"சார், கயிறு போடுங்க. கால் வழுக்குது."

கேட்டது. பெட்டி ஈரமாக இருந்ததால் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தேன். எதையும் அவசரமாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. மறுபடி கூப்பிட்டான். துடைத்தேன். அப்புறம் கூப்பிடவில்லை. தண்ணீர்ச் சத்தம் அடங்கிய பிறகு கயிற்றைப் போட்டேன். ஏணியோடு வந்த பெரியதம்பியிடம் வழுக்கிவிட்டான் என்றேன். அதில் பொய் இல்லை.

பிறகு பெட்டியைத் திறந்து கணக்குப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. மத்தியானச் சூடு கலந்து, குளிர்ச்சியைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதைக் கழித்தால் என் கோடு இன்னும் வேகமாக இறங்குகிறது. அவன் என்னைக் கவிழ்க்க வரவில்லை, தூக்கிவிடத்தான் வந்திருக்கிறான். முதலாம் ஆண்டு மாணவன்கூட மனக்கணக்காகப் போட்டிருப்பான். பயத்தில் பேராசிரியருக்கு அது ஓடவில்லை.

கட்டுரை போன மாதம் வெளிவந்தது. அவன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை அடுத்ததாகப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். கொலைகாரன் இப்படிச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.