ஏழாவது லேப்டாப்

கேமிங் லேப்டாப் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரியுமா என்றுதான். எரியும் என்று சொல்லிவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. மீதிப் பாதிக்கு நான் தனியாகப் படிக்கவில்லை. ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குழம்பு ஊற்றுவதற்குக்கூடப் பேரம் நடக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன் சார். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

செண்பகனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை. பங்களாக்காரர்கள் சலித்துப்போய்த் தள்ளிவிடும் லேப்டாப்களை வாங்கி, கோளாறு நீக்கி விற்கிறேன். கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான். கம்பெனிக்காரன் அனுப்பும்போதே உள்ளே சில டிரைவர்களை ஏற்றி அனுப்புகிறான். திரைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று என்று ஒவ்வொரு பாகத்தையும் மேய்க்கிற சின்னச் சின்ன மென்பொருள்கள். வாங்கியவன் தன் பங்குக்குப் புதிதாக ஒன்றை ஏற்றுவான். பழையதும் இடத்தைக் காலி செய்யாது. ஒரே பாகத்துக்கு இரண்டு அதிகாரிகள். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது திரை கறுத்துப்போகும். நான் ஒன்றை வேரோடு எடுத்துவிட்டு, அப்டேட்டோடு சேர்ந்து அது திரும்பி வராதபடி வழியையும் அடைத்துவிடுவேன். அரை மணி நேர வேலை. அப்புறம் சண்டை இல்லை.

போன கார்த்திகையில், மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து ஏழு லேப்டாப்கள் மொத்தமாக வந்தன. எல்லாம் ஒரே மாடல், பேட்டரிகள் மட்டும் செத்துக் கிடந்தன. மலிவான பேட்டரிகளை வாங்கிப் போட்டேன். உள்ளே இருந்த பேட்டரி டிரைவர் அவற்றை ஏற்கவில்லை. இது சரியான பேட்டரி இல்லை என்று திரையில் எச்சரிக்கை காட்டியது. கொஞ்சம் சூடேறினாலும் சார்ஜை நிறுத்தியது. அது சொன்னது உண்மைதான். ஆனால் எச்சரிக்கை காட்டும் பெட்டியை யார் வாங்குவார்கள்? ஏழிலும் அந்த டிரைவரை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் கடையில் ஓடவிட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் குளிரில் பெட்டி ஐஸ்கட்டி மாதிரி கிடந்தது. அன்றைக்கு நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பலாம்.

ஏழு லேப்டாப்களையும் மலைக்குக் கீழே இருந்து வந்தவர்கள்தான் வாங்கினார்கள். கடைசியாக வாங்கியவர் பெரியகுளம் மகாதேவி அக்கா. பழ மண்டி வைத்திருக்கிறவர். பேரிக்காய் ஏற்ற வந்தவர், மகள் ரம்யாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் பெண் கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுக்கிறவள். அந்த வேலைக்குக் கேமிங் லேப்டாப்தான் தாங்கும்.

ஒரு விலை சொன்னேன். அக்கா சிரித்தார். குறைத்தேன். மறுபடி சிரித்தார். இன்னும் குறைத்தேன்.

"இதுல என்னமோ ஒளிச்சு வச்சிருக்க தம்பி."

"பேரிக்காய வெட்டிப் பாக்குற மாதிரி இத வெட்டிப் பாக்க முடியாதுக்கா."

"பொட்டிய எதுக்கு வெட்டணும், அதான் ஒம் மூஞ்சியில எழுதிக் கெடக்கே. நல்ல சரக்கு வச்சிருக்கவன் இம்புட்டு வெரசா எறங்க மாட்டான்."

பக்கத்து டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

"விடும்மா, பாவம் அந்த அண்ணன்" என்றாள் ரம்யா.

"பாவம் பாத்தா மண்டியில ஒக்கார முடியுமாடி?" என்றார் அக்கா. அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். அன்று மாலை என் அப்பாவின் காதுவரை விஷயம் போய்விட்டது. பெரியகுளத்துக்காரி உன்னை உரித்துவிட்டாளாமே என்று கேட்டார்.

பங்குனியில், ஏழு பேரில் ஒருவரான வத்தலக்குண்டு ஸ்டூடியோ வேலப்பன் தன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு வயிறு தள்ளிருச்சுண்ணே. எத்தன மாசம்னு பாத்துச் சொல்லுங்க."

நானும் சிரித்தேன். பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. மலையில் ஐஸ்கட்டியாக இருந்தது, கீழே வெயிலில், தடுக்க டிரைவரும் இல்லாமல், நாளெல்லாம் வெந்திருக்கிறது. மண் நிரப்பிய வாளியில் அதைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் புகைந்தது. மெத்தையில் வைத்துச் சார்ஜ் போட்டால் என்ன ஆகும் என்பது அந்த வாளியைப் பார்த்த எவனுக்கும் தெரியும்.

அன்றே மற்றவர்களைப் போனில் கூப்பிட்டேன். லேப்டாப்பை அணைத்து வைத்துவிட்டு எடுத்து வாருங்கள் என்றேன். ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுக்கும் வேலப்பனுக்கும் அசல் பேட்டரி போட்டு, எடுத்த டிரைவரைத் திரும்ப ஏற்றி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. தேனிக்காரர் ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று இணையத்தில் எழுதினார். இப்போதும் அது இருக்கும், பாருங்கள்.

மகாதேவி அக்காவை மட்டும் கூப்பிடவில்லை.

மறந்துவிட்டாயா என்று நேற்றும் கேட்டீர்கள். மறக்கவில்லை. எண் என்னிடம் இருந்தது. நியாயத்தை நீங்களே பாருங்கள் சார். மற்ற ஆறு பேரும் நல்ல சரக்கு என்று நம்பி வாங்கினார்கள். அவர்களுக்கு நல்ல சரக்கு கொடுப்பது என் கடமை. அக்கா கோளாறு இருக்கிறது என்று ஊர் கேட்கச் சொல்லி, அந்தக் கோளாறுக்கும் சேர்த்துத்தானே விலையைக் குறைத்தார்? குறைத்து வாங்கிய கோளாறை நான் எப்படித் திரும்ப எடுப்பது? வியாபாரத்தில் இதற்குப் பேர் நேர்மை.

சித்திரை பிறந்து நாலாம் நாள், மத்தியானம். அக்கா மண்டியில் இருந்தார். ரம்யா மாடியறையில், தகரக் கூரைக்குக் கீழே, கட்டடப் படம் முடியட்டும் என்று லேப்டாப்பைக் கட்டிலில் ஓடவிட்டு, சார்ஜையும் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தீ வேகமாகப் பரவியது என்று தீயணைப்புக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

ரம்யாவின் கருமாதி முடிந்த மறுவாரம் மகாதேவி அக்கா மேலே வந்தார். தேனிக்காரர் எழுதியதை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கடைப் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரையும் கூப்ட்டுச் சொன்னியாமே. எந் நம்பரு ஓங்கிட்ட இல்லையாப்பா?"

"இருந்துச்சுக்கா."

அக்கா உடனே எழுந்தார். பஸ் ஏறி நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பொய் சொல்லியிருக்கலாம்தான். வாடிக்கையாளரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

இனி நீங்கள் கையில் வைத்திருக்கும் போன் கணக்கில் உள்ள அந்த ஒரு நிமிடம் நாற்பது வினாடி அழைப்பு. ஆமாம், தீப்பிடித்த அன்று காலை பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டது ரம்யாதான். பேட்டரியைப் பற்றி நான் யாரிடமோ சொன்னதைக் கேள்விப்பட்டு அல்ல. அவளாகவே கவனித்திருக்கிறாள்.

"அண்ணே, கீபோர்டு நடுவுல தூக்கிட்டு நிக்கிது. அடியில தொட்டா சுடுது. நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறி எடுத்துட்டு வரட்டுமா?"

"வாம்மா, பாத்துருவோம்" என்றேன்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஒரு படம் குடுத்தே ஆகணும்ணே. அதுவரைக்கும் சார்ஜ் போட்டு ஓட்டலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

மண் வாளி அப்போது என் காலடியில்தான் இருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்து அவள் இரண்டு தடவை அண்ணே, அண்ணே என்றாள்.

"தாராளமாப் போடும்மா. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண்ணிடம் நான் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.