இன்ஜினை அணை, சரான்டி

"ஹலோ... ஹலோ, சரான்டி? நான்தான்... ஆமா, நானேதான். வைக்காத. வைக்காதேன்னு சொல்றேன்ல..."

வைத்துவிட்டான்.

அசிமீனா கைக்கரியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலை; கிரேக்க நாட்டு வோலோஸ் நகரத்தில், அவளுடைய கார்ப் பட்டறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. மேசையில் ஒரு கிளட்ச் பிரித்துப் போட்டபடி கிடந்தது. அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் என்ற இரும்புத் தட்டில், உள்விளிம்பில் தொடங்கி வெளியே பார்த்து ஓடியது ஒரு விரிசல். வேறொருவர் காரிலிருந்து இறக்கியது. ஆனால் சரான்டியின் வெள்ளைக் காரிலும் இதே கிளட்ச்தான் இருந்தது. அதே சிவப்புப் பெட்டி, அதே கடைச் சரக்கு. அவனோ இந்நேரம் அல்மிரோஸ் ஊர்ப் பக்கத்துப் பழைய விமான ஓடுதளத்தில், பந்தய வரிசையில் நிற்கிறான்.

"ஹலோ... இல்ல, வக்கீல் விஷயம் இல்ல... வீட்டு விஷயமும் இல்ல. கார். உன் காரைப் பத்தி... சிரிக்காத. எங்க நிக்கற?... வரிசையிலயா? முன்னால நிறைய பேரா?... கொஞ்சம்தானா. சரி, இன்ஜினை அணைச்சுட்டுக் கேளு... அணைக்க மாட்டியா? சரி, அணைக்காமலாவது கேளு."

அவனோடு மணவிலக்கு ஆகி ஒரு குளிர்காலம் போயிருந்தது. அதன் பிறகு இருவரும் வக்கீல்கள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"அந்தச் சிவப்புப் பெட்டி கிளட்ச் மாட்டினியே... யார் சொன்னாங்களா? காபிக்கடை முழுக்க நீயே தம்பட்டம் அடிச்சிருக்க... ஆமா. ஆமா, நான் வேற ஒண்ணு சொன்னேன். ரெண்டு தட்டு இருக்கிறதா எடு, எஃகு ஃப்ளைவீல் சக்கரத்தோட எடுன்னு சொன்னேன். நீ கேக்கல... அதைக் குத்திக்காட்டவா உனக்குப் போன் பண்ணுவேன்? எனக்கு வேற வேலை இல்லையா?... சரி, நான் கத்தல. நீயும் கத்தாத."

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பிளேட்டை மறுபடி கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"லாரிசாவுலேருந்து ஒரு பல் டாக்டர் வருவாரே, நீலக் கார்... அவரேதான். அவரும் அங்கயேதான் வாங்கியிருக்காரு. பெடல் நடுங்குதுன்னு காரை விட்டுட்டுப் போனாரு. இப்பத்தான் பிரிச்சேன். விரிசல், சரான்டி. விரல் நீளத்துக்கு விரிசல். சூட்டுல நீலம் பாரிச்சுக் கிடக்கு... புதுசுதான்! உன்னுது மாதிரியே புத்தம் புதுசு... சரி, அவருக்கு ஓட்டத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ பெரிய சூரன், ஒத்துக்கறேன். அந்த இரும்புக்கு அது தெரியுமா?"

மறுமுனையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். கார் தன் நீளத்துக்கு முன்னே நகர்வது அவளுக்குக் கேட்டது.

"நகராத! ஏன் நகர்ற?... பிடிக்குதா? பிடிக்கும்டா, நல்லாத்தான் பிடிக்கும். பிடிக்கலைன்னு நான் சொன்னேனா? பெரிய டர்போ போட்டு அந்தச் சின்ன இன்ஜினை ரெண்டு மடங்கு உசுப்பி வச்சிருக்க. உச்சத்துல சுத்தும்போது அந்தத் தட்டு உடைஞ்சா துண்டு எங்க போகும்? யோசி. கியர் பாக்ஸ் கூட்டைக் கிழிச்சு, தரைத் தகட்டைக் கிழிச்சு, நேரா உன் காலுக்குத்தான் வரும்... பயமுறுத்தல. இப்படித் தட்டு உடைஞ்சு பாதம் போனவனை நீயும் நானும் பாத்திருக்கோம்... ஏன் ஆக்சிலரேட்டரை மிதிக்கற? சரான்டி, இப்ப எதுக்கு மிதிக்கற!"

இன்ஜின் உறுமி அடங்கியது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, அப்புறம் நான் பேசல. பெடலை மிதிக்கும்போது காலுக்கு அடியில நடுங்குதா?"

அவன் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லும்போது சரான்டி நிறையப் பேசுவான். வாயை மூடிக்கொண்டால்தான் உண்மை. பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

"நடுங்குது... 'கொஞ்சம்'னா நடுங்குதுன்னுதான் அர்த்தம். அவ்வளவுதான், திருப்பிக்கிட்டு வெளிய வா... எல்லாரும் பாப்பாங்களா? பாக்கட்டுமே!... இரு. பக்கத்துல யாரு? யாரோ பேசறாங்களே. மிர்தோவா? அவளையும் உள்ள உக்கார வச்சிருக்கியா?"

மிர்தோ மருந்துக்கடை வைத்திருப்பவள். சரான்டி இப்போது அவளோடுதான் இருக்கிறான். தெருவில் அவள் எதிரே வந்தால் அசிமீனா அந்தப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

"போனை அவகிட்ட குடு... குடு, சரான்டி... நீ குடுக்கலைன்னா நான் இங்கேருந்தே கத்தறேன், அவளுக்குக் கேக்கட்டும். மிர்தோ! மிர்தோ!... ஹலோ?... நீங்களா. ஆமா, அசிமீனா... இல்லைங்க, பொறாமை எல்லாம் இல்ல. அதுக்கு வேற நாள் வச்சிருக்கேன். இப்ப கேளுங்க. அந்தக் காரை நீங்க ஓட்டியிருக்கீங்களா?... வாரம் பூரா நீங்கதானா? கடைக்குப் போக, வர... ஆமா... ஆமா, பெடல் கல்லு மாதிரி இருக்கும். முழங்கால் வலிக்குதா? வலிக்கும். மேட்டுல அணைஞ்சு அணைஞ்சு போகுதா... அது பந்தயக் கிளட்ச்சுங்க, ஒண்ணு முழுசாப் பிடிக்கும், இல்ல முழுசா விடும். நடுவுல எதுவும் கிடையாது... என்ன சத்தம்?... மணி அடிக்கிற மாதிரியா? எப்பலேருந்து?... அவன்கிட்ட சொன்னீங்களா?... 'இதுக்கு அப்படித்தான் இருக்கும்'னானா. சொல்லுவான்."

மணிச்சத்தம் பல் டாக்டரின் காரில்கூட இல்லை; இதில் உள்ளே ஏதோ ஏற்கெனவே உடைந்து உருள்கிறது.

"மிர்தோ, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைங்க... இப்பவே... அவன் கையைத் தட்டிவிடுங்க. அடிச்சாலும் தப்பில்ல... முன்னால இருக்கிறவன் கிளம்பிட்டானா? அப்ப அடுத்தது நீங்கதான்! திருப்புங்க! ஹலோ? மிர்தோ?"

உறுமல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. பின்னால் ஹாரன்கள், யாரோ திட்டுவது, கதவு ஒன்று அறைந்து சாத்தப்படுவது.

"ஹலோ... அணைச்சிட்டீங்களா?... நீங்கதானே அணைச்சீங்க? தானா அணையலையே?... அப்பாடா... அவன் கத்தட்டும், விடுங்க. ஓரமாத் தள்ளச் சொல்லுங்க... சரான்டி? நீயா? திட்டறதை அப்புறம் திட்டு. கியர் பாக்ஸ் கூட்டுக்கு அடியில ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கி விளக்கை அடிச்சுப் பாரு. எதுவும் இல்லைன்னா நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன், காபிக்கடையில, எல்லாரும் பாக்க... ஆமா, சத்தியமா."

அவள் காத்திருந்தாள். அவன் தரையில் படுத்து உள்ளே நுழையும் முனகல் கேட்டது. பிறகு ஏதோ இரும்பு தரையில் விழும் சத்தம்.

"என்ன?... என்ன விழுந்துச்சு?... கையில இருக்கா? எவ்வளவு பெருசு?... பாதாம்பருப்பு அளவுக்கா?... சரான்டி?... சரி. சரி, எந்திரிச்சு உக்காரு. தண்ணி குடி. போனை மிர்தோகிட்ட குடு... ஆமாங்க, அது அந்தத் தட்டோட துண்டுதான்... அழாதீங்க. கால் இருக்குல்ல, ரெண்டு பேருக்கும்? அது போதும். காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, லாரியில ஏத்துங்க."

அதற்குப் பதிலாக எந்தக் கிளட்ச் போடுவது என்று மிர்தோ கேட்டாள். அசிமீனா எழுந்து நின்றுகொண்டாள்.

"எது போடறதா... வாரம் பூரா மிதிக்கிற கால் உங்க கால். அதனால உங்ககிட்டயே சொல்றேன். ரெண்டு தட்டு உள்ளது. சக்தி ரெண்டு தட்டுக்கும் பிரிஞ்சு போறதால ஸ்பிரிங் அவ்வளவு கடினமா வேண்டியதில்ல, பெடல் லேசா இருக்கும். மெதுவாப் பிடிக்கிற ரகமா எடுங்க, நடுவுல ஸ்பிரிங் வச்சது. எஃகு ஃப்ளைவீல். கடைக்காரன் மத்ததைக் காட்டி மயக்குவான், மயங்காதீங்க. வெறியா ஓட்டறவனுக்கும் இது தாங்கும், ரொட்டி வாங்கப் போறவங்களுக்கும் தாங்கும்... நானா மாட்டணும்?... கொண்டு வாங்க, மாட்டறேன்... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க."

மேசை மேலிருந்த பிளேட்டின் மேல் அவள் பார்வை நின்றது.

"அவன்கிட்ட குடுங்க... சரான்டி, அந்தக் கடைக்காரன் இதை வேற யாருக்கு வித்தான்?... அங்க, வரிசையில?... யாரு?... அந்த மஞ்சக் காரா? இன்னும் ரெண்டு பேரா? எங்க நிக்கறாங்க?... மஞ்சக் கார்க்காரன் ஸ்டார்ட் கோட்டுக்கே போயிட்டானா? ஏய், ஓடு! போனை விடு, ஓடுடா!"

அவன் போனை விடவில்லை. கையில் பிடித்தபடியே ஓடினான். மூச்சிரைப்பும் சரளைக்கல்லும் காற்றும் அவள் காதுக்குள் இரைந்தன. காலை முழுவதும் அவள் அவனிடம் கத்தியதையே இப்போது அவன் மற்றவர்களிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனான். முதலில் ஓர் இன்ஜின் அடங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மூன்றாவது மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஒண்ணு... கேக்குது எனக்கு, இன்னும் ஒண்ணு இருக்கு... சரான்டி, முன்னால போய் நிக்காத, பக்கத்துல நில்லு!... கண்ணாடியைத் தட்டு... தட்டு..."

தகரத்தை உள்ளங்கையால் அறையும் சத்தம். பிறகு அந்த இன்ஜினும், எதுவும் உடையும் சத்தமின்றி, மெல்ல அடங்கியது.

"ஹலோ?... அணைச்சிட்டானா?... சரான்டி..."

இணைப்பு அறுந்திருந்தது.