றமோன் என்று கூப்பிட்டார்கள்

ஹலோ... ஹலோ, பிரசாந்தினியோ? ஓம், ஓம், நான் தான், சுவர்ணா மச்சாள். கேக்குதோ?... இல்லை, வேலையிலை தான் நிக்கிறன். வால்தம்ஸ்டோ தியேட்டரிலை. படிக்கட்டுக்கு வந்து கதைக்கிறன், அது தான் இந்த எதிரொலி...

ஒண்டுமில்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை... ஓம், சுகமா இருக்கிறன். நீர் தனியவோ? றூபினி எங்கை?... மேலை படிக்கிறாளோ. சரி. சரி. நீர் முதல்லை ஒரு கதிரையிலை இரும்... சிரிக்காதேயும். இரும் எண்டா இரும்.

இஞ்சை இந்தக் கிழமை முழுக்க ஸ்பானிஷ் படவிழா எண்டு சொன்னனான் எல்லோ... ஓம், அது தான். ஸ்பெயின், மெக்சிக்கோ, அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாத்திலையும் இருந்து படம் வந்திருக்கு. டிக்கெட் பாத்து ஆக்களை இருத்திப்போட்டு, லைட் நூந்தாப் பிறகு பின் சுவரோடை சாஞ்சுகொண்டு நிப்பன். பாஷை விளங்காட்டிலும் கீழை இங்கிலீஷிலை எழுத்து ஓடும்...

பொறும், அதைத் தான் சொல்ல வாறன். வியாழக்கிழமை ஒரு படம் போட்டவை. எக்குவடோர் படம்... ஓம். எக்குவடோர்... தெரியும், அந்தப் பேரை எங்கடை வீடுகளிலை எடுக்கிறேல்லை. வேலை எண்டபடியா நிண்டனான். கடற்கரை ஊர் ஒண்டைப் பற்றின படம். நடிப்பில்லை, உண்மையான சனத்தை எடுத்தது. அதிலை ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரி முன்னுக்கு நிண்டு கதைக்கிறா. பின்னாலை குசினியிலை ஒருத்தன் குனிஞ்சு மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறான்...

பிரசா, அது எங்கடை றமணன்.

...

ஹலோ? லைனிலை நிக்கிறீரோ?

இல்லை... இல்லை, எனக்கு விசரில்லை. வடிவாப் பாத்தனான்... பதினாறு வரியம் எண்டு எனக்குத் தெரியாதோ? உமக்குப் புருசன், எனக்குத் தம்பி. இடது காதிலை சோணை இல்லை. ஷெல் துண்டு பட்டு அறுந்தது. நான் தானே சட்டையைக் கிழிச்சுக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினனான். அந்தக் காது எனக்கு மாறுமோ?... நரைச்சுப் போனான். மெலிஞ்சும் போனான். வியாழக்கிழமை என்ரை கண்ணையே நான் நம்பேல்லை. உமக்குச் சொல்லாமல் ரெண்டு நாள் வைச்சிருந்தனான். இண்டைக்கு ரெண்டாந்தரம் போட்டவை, இப்ப தான் முடிஞ்சது. இந்த முறை சத்தத்தையும் கேட்டனான். கடைக்காரி திரும்பி "றமோன்" எண்டு கூப்பிடுறா... ஓம், றமோன். றமணன் எண்டு அந்தச் சனத்துக்கு வாயிலை வராது தானே. அவன் நிமிர்ந்து பாக்கிறான். கமெராவைத் தான் பாக்கிறான், தெரியும். ஆனா எனக்கு என்னைப் பாக்கிற மாதிரியே...

எக்குவடோர் கடலிலை போட் கவிண்டு பதினொரு பேரும் தாண்டு போச்சினம் எண்டு, அவையைக் களவா அனுப்பின ஏஜென்சிக்காரன் சொல்ல, நம்பினனாங்களே. அவனுக்கும் உம்மடை தம்பி சயந்தனுக்கும் ஒரே நாளிலை அந்தியேட்டிக் கிரியை செய்தனாங்களே, பிரசா...

படத்தை எடுத்த பொம்பிளை வந்திருக்கிறா. இப்ப உள்ளுக்கு ஆக்களின்ரை கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறா. வெளியிலை வர நான் போய்...

என்ன? வேண்டாமோ? ஏன் வேண்டாம்?... என்ன கதை இது, "அவர் அங்கையே இருக்கட்டும்" எண்டு? நான் உயிரோடை கண்டன் எண்டு சொல்லுறன். அவன் எப்பிடித் தப்பினவன் எண்டு கூட நீர் கேக்கேல்லையே...

...

உமக்குத் தெரியும்.

... பிரசாந்தினி. உமக்கு முந்தியே தெரியும்.

எப்ப?... ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு. அப்ப நீரும் பிள்ளையும் என்னோடை குட்மேய்ஸ் வீட்டிலை தானே... எந்தப் போனுக்கு?... எங்கடை வீட்டுப் போனுக்கோ? அந்த நம்பரை அவன் பாடமாக்கி வைச்சிருந்தவன்... அப்ப எனக்குத் தான் எடுத்திருக்கிறான். நான் எங்கை?... ஷிப்டிலை. ம்... நீர் எடுத்தனீர்.

ஓம்... ஓம்... சொல்லும், கேட்டுக்கொண்டு தான் நிக்கிறன்... ஓம். ரெண்டு பேரும் ஒரு பலகையைப் பிடிச்சுக்கொண்டு... எவ்வளவு நேரம்?... ஒரு பகல் முழுக்க. சயந்தன் "அத்தான், அத்தான்" எண்டு... ஓம்... கை விறைச்சு... பிறகு?

... அப்பிடியே சொன்னவனோ? "நான் தான் அவன்ரை கையை விட்டனான்" எண்டு? தன்ரை வாயாலை?...

அழாதேயும்... சரி, அழும். அழும்.

நீர் என்ன சொன்னனீர் அவனுக்கு?... இல்லை, எனக்குத் தெரிய வேணும். நீர் அவனுக்கு என்ன சொன்னனீர்?

...

"நீங்கள் செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

...

என்ரை அம்மா அதுக்குப் பிறகும் நாலு வரியம் இருந்தவ, பிரசா. கண் மூடுறதுக்கு முதல் நாளும் "அவன்ரை உடம்பை ஆராவது கண்டவையோ" எண்டு கேட்டவ. நீர் பக்கத்திலை நிண்டு கால் பிடிச்சுக்கொண்டிருந்தனீர்... ஓம், கோவம் தான்! வேறை என்ன வரும்?... கத்தேல்லை. கத்தேல்லை. ஆக்கள் திரும்பிப் பாக்கினம்...

விளங்குது. உம்மடை ஒரே தம்பி. இருவத்திரண்டு வயசு. உம்மடை இடத்திலை நிண்டா நானும் என்ன சொல்லியிருப்பனோ, எனக்குத் தெரியாது. ஆனா அவன் எடுத்தது எனக்கு. எனக்கு எடுத்தது.

அதுக்குப் பிறகு எடுக்கவே இல்லையோ?... நீர் என்னோடை இருந்த மட்டும் ஒவ்வொரு வரியமுமோ? எந்த நாளிலை?... சயந்தன்ரை திவசத்தண்டு. ம்... ஒண்டும் கதைக்கிறேல்லை. மூச்சு மட்டும்...

பொறும். பொறும்... அந்தக் கோலை நானும் எடுத்திருக்கிறன். ஓம்! நீங்கள் வெம்பிளிக்குப் போன பிறகு. மூண்டு நாலு தரம். இரையிற மாதிரி ஒரு சத்தம் வரும், ஆள் இருக்கிறது தெரியும், கதைக்காது. ஏதோ விக்கிறவங்கள் எண்டு நினைச்சனான். "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், இனி எடுக்காதேங்கோ" எண்டு... தமிழிலையே சொன்னனான், பிரசா. ஏன் தமிழிலை சொன்னனோ தெரியாது. அவன் அங்கை நிண்டு அதைக் கேட்டிருக்கிறான். என்ரை வாயாலை...

கடைசியா வந்து மூண்டு வரியம். இனி வராது. மொபைல் இருக்கேக்கை இது என்னத்துக்கு எண்டு அந்த லைனை வெட்டினது நான் தானே.

... கதவு திறந்திட்டுது. சனம் வருது. அந்தப் பொம்பிளையும் வாறா... இல்லை, கேக்கத் தான் போறன். உமக்கு வேண்டாம் எண்டா போனை வையும்... வைக்கேல்லையோ? சரி. அப்ப நில்லும்.

எக்ஸ்கியூஸ் மீ... சொறி, ஐ வேர்க் ஹியர்... த மேன் இன் த கிச்சன். றமோன். ஹி இஸ் மை பிரதர்... யெஸ். மை பிரதர். சிறீலங்கா...

பிரசா, அவ என்ரை கையைப் பிடிச்சிட்டா. என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறா... யெஸ், யெஸ், பிளீஸ்...

படம் எடுத்து நாலு வரியமாம். பிறகு அவ அந்த ஊருக்குப் போகேல்லையாம். இப்ப இருக்கிறானோ எண்டு தெரியாதாம்... தனிய தான் இருந்தவனாம். கடைக்குப் பின்னாலை ஒரு அறை. கடற்கரைப் பக்கம் போகவே மாட்டானாம், மீன் கூட ஆக்கள் கொண்டு வந்து குடுக்க வேணுமாம்... அப்ப ஏன் அந்த ஊரிலை இருக்கிறாய் எண்டு அவ கேக்க, "ஒருத்தனை இஞ்சை விட்டிட்டன், விட்டிட்டுப் போக ஏலாது" எண்டவனாம்...

கேட்டீரோ? பிரசா?

இன்னும் சொல்லுறா, பொறும்... படத்திலை தன்னை எடுக்க வேண்டாம் எண்டு தான் முதல்லை நிண்டவனாம். பிறகு ஒரு நாள் தானாவே வந்து, இதை எங்கெங்கை காட்டுவீங்கள் எண்டு கேட்டவனாம். எல்லா இடமும், லண்டனிலையும் காட்டுவம் எண்டு இவ சொல்ல... அப்ப எடுங்கோ எண்டவனாம்.

...

கடைக்காரியின்ரை நம்பர் தன்ரை போனிலை கிடக்காம். தாறாவாம்... வாங்கவோ? பிரசா, வாங்கவோ?... ஏதாவது சொல்லும்... பிரசா?

ஆர்?... றூபினியோ? பிள்ளை, அம்மா எங்கை?... நிலத்திலையோ? தண்ணி குடு. முதல்லை தண்ணியைக் குடு... நீ எப்ப கீழை வந்தனீ?... போன் ஸ்பீக்கரிலையோ கிடந்தது... எல்லாம் கேட்டிட்டியோ... ஓம் பிள்ளை. ஓம். அப்பாவைத் தான் கண்டனான்.

இல்லை, உனக்குப் பொய் சொல்ல மாட்டன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மாமிக்கும் தெரியாது... அம்மாவோடை கோவிக்காதை. இப்ப வேண்டாம். அதைப் பிறகு நாங்கள் எல்லாரும் இருந்து கதைப்பம்...

நம்பரோ? நான் முதல்லை எடுத்துப் பாத்திட்டு உனக்கு... ஓம், கடைக்காரிக்கு ஸ்பானிஷ் தான் தெரியும்... ஓம், நீ பள்ளிக்கூடத்திலை படிச்சனீ தான்... அம்மாவை ஒருக்காக் கேள், பிள்ளை. அவ என்ன சொல்லுறா?... தலையை ஆட்டுறாவோ? எப்பிடி, ஓம் எண்டோ வேண்டாம் எண்டோ?... வடிவாப் பார்.

...

சரி. எழுது. அஞ்சு, ஒன்பது, மூண்டு... அது நாட்டு நம்பர். பிறகு... பொறு, அவ போனைக் காட்டுறா... ஒன்பது, எட்டு... ஓம்... நாலு, நாலு, ஏழு... ஓம், கடைசி சைபர். திருப்பிச் சொல்லு... சரி தான்.

அங்கை இப்ப காலமை பதினொரு மணி, கடை திறந்திருக்கும். கெதியாக் கதையாதை. ஆர் கதைக்கிறது எண்டு கேட்டா மகள் எண்டு சொல்லு. பயப்பிடாமல் சொல்லு... பிள்ளை, அவன் கதைக்காமல் நிண்டா, வைச்சிடாதை. எவ்வளவு நேரம் எண்டாலும் வைச்சிடாதை... றூபினி?

ஹலோ?... வைச்சிட்டாள்.