செம்புக் கெணறு

அந்தக் காலத்துல, தார்ரோடு எட்டிக்கூடப் பாக்காத காலத்துல, கரிசக்காட்டுல கூவலப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருல ஆவுடைத்தாய் ஆவுடைத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். ஆத்தா அப்பன் காலராவுல போயிட, அண்ணன் உலகப்பன்தான் அவள வளத்தானாம். தான் கஞ்சியக் குடிச்சுட்டுத் தங்கச்சிக்குச் சோறு போட்ட மனுசன். கட்டிக்குடுத்த எடத்துல புருசன் செத்ததும், "வா தாயி, நான் இருக்கேன்"னு கூட்டியாந்து வச்சுக்கிட்டான். நல்லவன்தான்யா, நான் இல்லங்கல. ஆனா சாதின்னு வந்துட்டா அந்த நல்லவன் எங்க போவானோ தெரியாது.

அவுக காட்டுல பருத்தி எடுக்கக் கீழத்தெருச் சனங்க வருவாங்க. தாகம்னா கெணத்தடியில குனிஞ்சு கையக் குவிச்சு நிக்கணும். மேல இருந்து செம்புல ஊத்துவாங்க. செம்பு அவுக மேல படக்கூடாது. அப்படி ஒரு கேடுகெட்ட மொறை.

ஒருநா சடைச்சின்னு ஒருத்தி, உள்ளங்கையில அருவா வெட்டு, துணி சுத்திக்கிட்டு வந்தாளாம். ஆவுடைத்தாய் ஊத்துறா, ஊத்துறா, அம்புட்டும் ஒழுகிப் போகுது. ஒரு மொடக்கு உள்ள போகல. "இந்தா, புடி தாயி"ன்னு செம்பையே குடுத்துட்டா. அவளும் வாய் வச்சுக் குடிச்சுட்டா.

உலகப்பன் பாத்துட்டான். "அடி பாவி, குடியக் கெடுத்தியே!"ன்னு ஓடியாந்து செம்ப எட்டி ஒரு ஒதை. செம்பு உருண்டுபோய்த் தொபுக்குன்னு கெணத்துலயே விழுந்துருச்சாம். சடைச்சி ஓடியே போயிட்டா.

ஆவுடைத்தாய் மெதுவாக் கேட்டாளாம். "ஏண்ணே, அவ வாய் வச்ச செம்பு நம்ம கெணத்துலல்ல கெடக்கு. குடிதண்ணிக்கு எங்க போவே?"

"கெணத்துத் தண்ணிக்குத் தீட்டுக் கெடையாதுடி."

"அப்ப செம்புக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

உலகப்பன் கெணத்துக் கயித்தச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான்.

"சரிண்ணே. அவுகளுக்கு எப்படி ஊத்துறமோ, இனி எனக்கும் அப்படியே ஊத்து"ன்னு குனிஞ்சு கையக் குவிச்சாளாம். அன்னைக்குக் குவிச்ச கை. ஏழு வருசம். அண்ணனுக்குக் களி கிண்டிப் போட்டா, காய்ச்சல்னா கசாயம் வச்சா, ஒரு கொறை வைக்கல. தண்ணி மட்டும் கையில. அண்ணன்தான் ஊத்தணும். ஊத்தும்போதெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குவானாம். "விட்டுட்டுப் போயேன்"னு ஊரு சொல்லுச்சு. "என்னத் தூக்கி வளத்தவன். வெறுக்கவும் முடியல, ஒத்துப்போகவும் முடியலயே"ம்பாளாம். அலுத்துப் போயிட்டா மனுசி. அவனும் அலுத்துத்தான் போனான்.

எட்டாம் வருசம் மழை இல்ல, கெணறு வத்திருச்சு. தூர்வார எறங்குனது யாரு? சடைச்சி புருசன் மூக்கன். சேத்த அள்ளி அள்ளி அனுப்புனதுல கடைசியா அந்தச் செம்பும் மேல வந்துச்சாம், களிம்பேறி, நசுங்கி. ஊத்துக்கண்ணு தெறந்து தண்ணியும் கசிஞ்சுது. உலகப்பன் அந்தச் செம்பக் கையில எடுத்தானாம். அப்பறம் புளி போட்டுத் தேச்சான். மொதத் தண்ணிய மோந்து, மேல ஏறி வந்த மூக்கன்கிட்ட நீட்டுனான்.

"வாய் வச்சுக் குடிப்பா."

மூக்கன் என்ன செஞ்சான்? பழக்கம்! குனிஞ்சு கையக் குவிச்சான். "ஊத்துங்க சாமி."

"புடிப்பா, செம்பப் புடி."

"வேண்டாஞ் சாமி. என்னால ஆகாது."

அப்பத்தான் உலகப்பன் ஒடஞ்சு போனானாம். செம்ப அவன் கையில திணிச்சுட்டு, அவன் முன்னால குனிஞ்சு ரெண்டு கையையும் குவிச்சான். "அப்ப நீ எனக்கு ஊத்து." மூக்கன் ஊத்துனான். ஊரே பாத்துச்சு.

குடிச்சுட்டுத் தங்கச்சிகிட்டப் போயி, "போதும் தாயி, நீயும் செம்புல குடி"ன்னானாம். அவ சிரிக்கல. "சடைச்சி செத்தே ரெண்டு வருசமாச்சேண்ணே. இம்புட்டு நாளாச்சே ஒனக்கு"ன்னு அப்படியே கல்லுல ஒக்காந்துட்டாளாம்.

இன்னைக்கும் அதுக்குப் பேரு செம்புக் கெணறுதான். தூர்வாரித் தண்ணி ஊறுனா, உள்ள எறங்குனவன்தான் செம்பப் புடிப்பான். கெணத்துக்கார வீட்டு ஆளுக குனிஞ்சு கையக் குவிக்கணும். மொதக் கை தண்ணிய யாரும் குடிக்கிறதில்ல. வெரலு வழியா மண்ணுல ஒழுக விட்ருவாங்க. அது சடைச்சிக்கு.