சின்ன வளையம்

இல்லம்மா, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. மாடிலேர்ந்து ஓடி வந்தேனா, மூச்சு வாங்குது, அவ்வளவுதான். பைய அப்பிடியே கீழ வைங்க. உக்காருங்க, உக்காருங்க. புதினாவ இப்பதான் கொதிக்கிற தண்ணில போட்டேன், டீ ரெடியாயிரும்.

வழி தெரியாம சுத்துனீங்களா? சுத்தாம இருந்தாத்தான் ஆச்சரியம். இந்த ஃபெஸ் ஊர்ல பொறந்தவங்களே எங்க சந்துக்குள்ள முழிப்பாங்க. அந்தப் போன்ல காட்டுற வழியெல்லாம் நம்பாதீங்கம்மா. அது நேரா தோல் ஊறப் போடுற இடத்துல கொண்டுபோய் விட்டு மூக்கப் பிடிக்க வச்சிரும். போன வாரம் ஒரு புருசன் பொண்டாட்டி, நம்ம வாசலத் தாண்டியே நாலு தடவ போயிருக்காங்க. வெளிய பாத்தா வெறும் மொட்டச் சுவரு. உள்ள ஒரு முற்றமும் ஆரஞ்சு மரமும் இருக்குன்னு யாரு கண்டா?

என்னது? ஒரு பொண்ணு கொண்டாந்து விட்டாளா? காசும் வாங்கலையா? அட! இந்த ஊர்ல வழி சொல்றவன், வாயத் தெறக்கறதுக்கு முந்தி கைய நீட்டுவானே.

அப்ப கதவத் தட்டுனது நீங்களா, அவளா?

ஓ, அவளா. இல்ல, சும்மா கேட்டேன். மேல தட்டுனாளா, கீழ தட்டுனாளா? கவனிச்சீங்களா? குனிஞ்சாளா... கீழதானா. ம். சரி. இந்தாங்க, டீயக் குடிங்க. சக்கர கூடத்தான் இருக்கும், இங்க அப்பிடித்தான்.

ஏன் கேக்கறேன்னா, எங்க ஊர்ப் பழைய கதவுல ரெண்டு வளையம் இருக்கும்மா. மேல பெரிசா ஒண்ணு, அது அந்நிய ஆளுங்களுக்கு. கீழ சின்னதா ஒண்ணு, அது வீட்டு ஆளுங்களுக்கு. சத்தம் வேற வேற. பெருசு டம்முனு விழும், பொம்பளைங்க எல்லாம் உள்ள போயிருவாங்க, ஆம்பள போயித் தெறப்பாரு. சின்னது டிங்குன்னு கேட்டா நம்மாளு. எழுந்திரிச்சுப் போறவ முக்காட்டக்கூட சரி பண்ண மாட்டா.

நானா? இருக்கேன், ரொம்ப வருசமா. சமையல், துணி, சாவி எல்லாம் நாந்தான். பதூல்னு கூப்பிடுங்க. முதலாளி பெல்ஜியத்துக்காரரு, இத வாங்கி விருந்தாளி விடுதி ஆக்குனாரு. நல்ல மனுசன். ஆனா இந்த வீட்டுல ஏதோ இருக்குன்னு அவருக்கு ஒரு பயம். இருக்குந்தான், எந்த வீட்டுல இல்ல? சுடுதண்ணிய ஜலதாரைல ஊத்தறப்பகூட பிஸ்மில்லா சொல்லித்தான் ஊத்துவேன், அதுங்க தலைல கொட்டிரக் கூடாதுல்ல. ஆனா ஜின்னு கதவத் தட்டாதும்மா. அது உள்ளதான குடியிருக்கு, அது எதுக்குத் தட்டணும்?

முன்னாடி யாரு இருந்தாங்களா? ஒரு செருப்பு வியாபாரி. மஞ்சத் தோல் செருப்பு, பெரிய கை. ரெண்டு பொண்ணு. சின்னவ கென்ஸா இருக்காளே, சிரிச்சா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும். அவ தோல் பதனிடுற பையன் ஒருத்தன் மேல ஆசப்பட்டா. அவன் பதம் பண்ணிக் குடுக்கிற தோல்ல செருப்பு தச்சு விக்கலாமாம், அவனுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாதாம். ஒரு நாள் ஒரு துணி மூட்டையத் தூக்கிட்டு அவனோட காசாபிளாங்காவுக்கு ஓடிட்டா. அந்த வாரமே மூத்தவளுக்குப் பேசி வச்ச சம்பந்தம் முறிஞ்சுபோச்சு. ஓடுகாலியோட அக்காவ யாரு எடுப்பா? கல்யாணத்துக்குப் பட்டுத் துணி வரைக்கும் எடுத்தாச்சு. எல்லாம் பெட்டியோட கெடந்துச்சு.

ஒண்ணு கேட்டா தப்பா நெனக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?

இருபதா. கையில ஏதாவது? துணி மூட்டையா... சரி, குளிக்கப் போற பொண்ணா இருக்கும். இங்க எல்லாரும் மூட்டையத் தூக்கிட்டுத்தான் பொதுக் குளியலுக்குப் போவாங்க. நீங்க குடிங்க.

அடுத்த வருசம் நோன்பு மாசம். நோன்பு தெறக்கற பீரங்கி வெடிச்சு, பாங்கு சொல்லி, தெருவுல ஒரு பூனகூட இல்ல. எல்லாரும் கஞ்சிக் கிண்ணத்து முன்னாடி. அப்பப் பாத்து டிங்குன்னு கேட்டுச்சு. மூத்தவ எழுந்து போனா. வெளியேர்ந்து, ராத்தா, நாந்தான், தெறன்னு தங்கச்சி குரல். உள்ளேர்ந்து அவங்க அப்பா கத்துனாரு, அவ இந்த வீட்டு ஆளு இல்ல, பெரிய வளையத்தத் தட்டச் சொல்லுன்னு. மூத்தவ அப்பிடியே சொன்னா.

அப்புறம் பெரிய வளையம், ஒரே ஒரு தட்டு. கடன் கேக்க வந்தவங்க மாதிரி, மெதுவா. யாரும் போகல. அதோட சரி. முப்பத்தெட்டு வருசம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல.

அழுவாதீங்கம்மா. ஊருக்கு வந்த மொத நாளே அழுவாங்களா? அந்த மனுசனத் திட்டவும் வேணாம். எங்க வாப்பா அப்பிடிச் சொல்லல. வாப்பா பேரீச்சம்பழத்தக் கையில வச்சுக்கிட்டு, யாரும்மா, சின்ன வளையம் மாதிரி கேட்டுச்சேன்னுதான் கேட்டாரு. ஆசையாத்தான் கேட்டாரு. பெரிய வளையத்தத் தட்டுடின்னு சொன்னது நாந்தான். வாயக் கதவிடுக்குல வச்சு, அவருக்குக் கேக்காம சொன்னேன். அவ தட்டுனதும், யாரோ வீடு மாறி வந்துட்டாங்க வாப்பா, நீங்க சாப்புடுங்கன்னேன். அந்தப் பட்டுத் துணி இருக்குல்ல, அது என் கண்ணுக்குள்ளயே நின்னுச்சும்மா.

மறுபடி வந்து தட்டிட்டா என் பொய் வெளிய வந்துருமேன்னு, மறுநாளே அந்தச் சின்ன வளையத்தக் கழட்டிட்டேன். வாப்பாவுக்கு அந்த வருசமே பக்கவாதம். அதோ, நீங்க தங்கப்போற அறைலதான் படுத்திருந்தாரு. பதினோரு வருசம், சாகற வரைக்கும், வாசப் பக்கமே காதக் குடுத்துட்டுக் கெடந்தாரு. சின்ன வளையமே இல்லாத கதவுக்கு.

அந்த வளையத்த முதலாளி இன்னும் தேடறாரு. விருந்தாளிங்க போட்டோ எடுப்பாங்களாம், கதவுல திரும்ப மாட்டணுமாம். தெரியாதுன்னுட்டேன். மாட்டுனா வர்றவங்க எல்லாம் தட்டுவாங்க, அப்புறம் அவ தட்டுறது எனக்கு எப்பிடித் தெரியும்?

வேணும்னா போயிப் பாத்துட்டு வாங்க, கீழ ரெண்டு ஆணி ஓட்டதான் இருக்கும். வளையம் என் பாவாடைப் பையில. இந்தாங்க, பாருங்க. எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும். இன்னைக்கு என்னமோ சுடுது.

பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. வரும்போது கதவச் சாத்திட்டா வந்தீங்க? நான் போயித் தெறந்து வச்சிட்டு வரேன். இன்னொரு தடவ அவ தட்ட வேணாம்.