சாம்பல் குட்டிக்கும் ஆள் வரட்டும்

சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் கலைந்தது.

"நேத்து பாக்க வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பிட்டேன்க்கா."

"யாரடி?"

"பூனைக்குட்டி கேட்டு மறைமலை நகர்லேர்ந்து வந்தாங்க. நல்ல மனுஷங்கதான்."

"அப்புறம் இன்னா? நல்ல வூடு கிடைக்கிற வரைக்கும்தான் வெச்சிருப்பேன்னு சொன்னியே!"

"வெள்ளைய மட்டும் குடுன்றாங்க. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கினுதான் தூங்குது, சேத்து எடுத்துக்கினு போங்கன்னேன். சாம்பக்குட்டிக்கு ஒரு கண்ணு இல்லையேன்னு மூஞ்ச சுளிக்கிறாங்க."

"ஒத்தக் கண்ணுப் பூனைய எவ கேப்பா? வெள்ளையாச்சும் போயி சேரட்டும்னு வுட வேண்டியதுதானே."

"போனா ரெண்டும் போவும். இல்லாட்டி ரெண்டும் என் வூட்லயே இருக்கும்."

"ஹவுஸ் ஓனர் வுடுவாரா?"

"கத்திக்கினுதான் கீறாரு. கத்தட்டும்."

பஸ் வல்லம் வடகால் பக்கம் திரும்பியது. இருவரும் ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். பெரியவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"குவாலிட்டில நின்னுக்கினு, கார் கதவுல துளி கீறல் இருந்தாலே ரிஜெக்ட்னு தூக்கி ஓரமா வெக்கிறவ நீ. வூட்ல மட்டும் இன்னாடி இப்படி?"

சின்னவள் எழுந்து பையை மாட்டினாள்.

"இங்க ரிஜெக்ட் பண்ணத்தான்க்கா சம்பளம் குடுக்கறாங்க. வூட்ல எவன் குடுக்கறான்?"